ஃபிளக்ஸில் ஒரு குழந்தை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு ஃபிளக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள், இதுதான் என் தினப்படி வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு அமைப்பிலிருந்து வந்தார்கள். காசா போரைக் கண்டித்து ஆர்ப்பாட்டம். மேட்டரை அவர்களே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். "படம் நீயே பார்த்துப் போடு தம்பி. குழந்தைப் படமா இருக்கணும். பார்த்தா கண்ணுல தண்ணி வரணும்" என்றார்கள். நெட்டில் தேடினேன். உடம்பெல்லாம் தூசி, முகத்தில் ரத்தம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் கிடைத்தான். பேக்ரவுண்டை எடுத்துவிட்டு, பின்னால் நெருப்பும் டாங்கியும் வைத்து, எட்டுக்குப் பத்தில் அடித்துக் கொடுத்தேன்.

பேனர் கட்டிய அன்று சாயங்காலமே ஒரு காலேஜ் பையன் கடைக்கு வந்து, "அண்ணா, இது காசா இல்ல, சிரியா, 2016" என்று போனில் காட்டினான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அமைப்புக்காரருக்கு போன் செய்தேன். "எந்த ஊர்க் குழந்தையா இருந்தா என்னப்பா? குழந்தை குழந்தைதானே? வலி பொய்யா?" என்றார். என் முதலாளியும் அதையேதான் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு எதிர்க்கருத்து உள்ள ஒருவர் அந்த பேனரை போட்டோ எடுத்து முகநூலில் போட்டு, "காசா என்று இவர்கள் காட்டுவதெல்லாம் இப்படித்தான்" என்று எழுதியிருந்தார். அதற்கு நிறைய லைக்.

என் கேள்வி இதுதான் சார். தப்பான படத்தைப் போட்டதுதான் தப்பா, அல்லது குழந்தைகள் படத்தைப் போர் விஷயத்துக்குப் பயன்படுத்துவதே தப்பா? அடுத்த தடவை யாராவது இப்படிக் கேட்டு வந்தால் நான் என்ன செய்யட்டும்? வேலையை விட முடியாது.

பெயர் வேண்டாம். முதலாளி உங்கள் தளத்தைப் படிப்பவர்.

ஒரு வாசகன்,
தண்டையார்பேட்டை

*

அன்புத் தம்பிக்கு,

முதலாளி படிப்பவர் என்பதால் கொஞ்சம் மரியாதையாகவே எழுதுகிறேன்.

அமைப்புக்காரர் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வலி பொய்யா என்றால், இல்லை. வலி நிஜம். ஆனால் ஒவ்வொரு வலிக்கும் பின்னால் அதைக் கொடுத்த கை ஒன்று இருக்கிறது. நீங்கள் எடுத்த படத்தில் அந்தக் கை யாருடையது என்று பாருங்கள்.

அந்தப் பையன் அலெப்போக்காரன். 2016 ஆகஸ்டில், கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த கிழக்கு அலெப்போவில் நடந்த ஒரு விமானத் தாக்குதலில் வீடு இடிந்தது. அவனைத் தூக்கிவந்து ஆம்புலன்ஸுக்குள் ஆரஞ்சு நிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் அந்தப் படமும் வீடியோவும் எடுக்கப்பட்டன. அப்போது அவனுக்கு ஐந்து வயது. அதே தாக்குதலில் அடிபட்ட அண்ணன் சில நாளில் இறந்துபோனான். குண்டு போட்டது சிரிய அரசு அல்லது அதன் கூட்டாளியான ரஷ்யா என்றார்கள். ரஷ்யா மறுத்தது. சிரியாவின் அன்றைய அதிபர் அசாத் அந்த அக்டோபரில் சுவிஸ் தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டியில் படமே போலி என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் ஜூனில் என்ன நடந்தது தெரியுமா? கிழக்கு அலெப்போவும் அசாத் கைக்கு வந்த பிறகு, அரசு ஆதரவு தொலைக்காட்சிகளில் அதே பையன் சுத்தமான சட்டையும் சீவிய தலையுமாக அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். என் மகனைக் கிளர்ச்சியாளர்கள் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அப்பா சொன்னார். அவர் அதை மனதறிந்து சொன்னாரா, அங்கே வாழ வேண்டுமே என்று சொன்னாரா, அவர் நிலையில் இருந்தால்தான் தெரியும். போலி என்று சொன்ன தரப்பே இப்போது அந்தப் பையனைத் தன் பக்கத்துப் படமாகக் காட்டியது. அவன் பெயர் அன்றே உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. இருந்தாலும் நான் இங்கே எழுதவில்லை. இன்று மீசை அரும்பும் வயதில் இருப்பான்.

இப்படி இரண்டு தரப்பும் இழுத்த பையன்தான் மூன்றாவதாக டி.எச். ரோட்டுக்கு வந்து காசாக் குழந்தை ஆனான். அவன் அண்ணனைக் கொன்ற விமானம் எங்கே போயிற்று? நீங்கள் ஃபோட்டோஷாப்பில் பேக்ரவுண்டை எடுத்தபோது ஆம்புலன்ஸ் போயிற்று, அலெப்போ போயிற்று, விமானமும் போயிற்று. குண்டு போட்டவன் நிம்மதியாகத் தப்பித்துக்கொண்டான். அந்த இடத்தில் உங்கள் டாங்கியை வைத்தீர்கள். நாளை வேறொரு அமைப்பு வந்தால் வேறு கொடியோடு ஒரு டாங்கியை வைக்கலாம், படம் அதற்கும் ஒத்துழைக்கும். எந்த ஊர்க் குழந்தையாக இருந்தால் என்ன என்று சொல்கிறவர், அந்த ஊர்க் குழந்தையை அடித்தவன் யாராக இருந்தால் என்ன என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஆர்ப்பாட்டம் நடத்துகிறவர் சொல்லக்கூடிய பேச்சா அது?

இந்தக் கத்தரி வேலை கணினி வந்த பிறகு வந்ததில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் 1936-ல் தொடங்கியது. அதற்குச் சில மாதம் முன்பு, டேவிட் சீமோர் என்ற புகைப்படக்காரர் (நண்பர்களுக்கு அவர் 'சிம்') எக்ஸ்ட்ரிமதூரா பகுதியில் ஒரு கூட்டத்தைப் படம் எடுத்தார். நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுப்பது பற்றிய கூட்டம். கூட்டத்தின் நடுவே ஒரு பெண், மார்பில் பால் குடிக்கும் குழந்தையோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலே பார்க்கிறாள். பேசுகிறவரைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். வெயில் கண்ணில் அடித்திருக்கலாம். போர் வந்ததும் குடியரசுத் தரப்பின் பிரச்சாரக்காரர்கள் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் தனியாக வெட்டியெடுத்து, தலைக்கு மேலே விமானங்களை ஒட்டி, 1937-ல் ஒரு பிரசுரத்தின் அட்டையில் போட்டார்கள். மாட்ரிட் நகரத்தின் மேல் குண்டு விழுவதைப் பார்க்கும் தாய் ஆகிவிட்டாள் அவள். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களில் பலர் அவள் வானத்தில் விமானத்தைத் தேடுகிறாள் என்றே நினைக்கிறார்கள்.

மாட்ரிட் மேல் விழுந்த குண்டு உண்மை. குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோ பக்கம் ஜெர்மன், இத்தாலி விமானங்கள் பறந்ததும் உண்மை. என் அனுதாபம் குடியரசுத் தரப்போடுதான், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் அந்த ஒட்டு வேலையில் காணாமல் போனது நிலம். அந்தப் பெண் எதற்காக அன்று கைக்குழந்தையோடு வெயிலில் நின்றாளோ அதுதான் அந்தப் போருக்கே ஒரு காரணம். அதை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, எந்தப் போருக்கும் பொருந்துகிற ஒரு பயந்த தாயை அவளிடமிருந்து செய்துகொண்டார்கள்.

இனி அந்த முகநூல்காரர். உங்களுக்கு மனம் சங்கடப்பட்டது அவரால்தான் என்று நினைக்கிறேன், அது நியாயமும்கூட. போரில் குழந்தைகள் சாவதை மறுக்க விரும்புகிறவர்கள் உண்மையான படத்தையே பொய் என்பார்கள். 1937 ஆகஸ்ட் 28-ல் ஜப்பானிய விமானங்கள் ஷாங்காய் தெற்கு ரயில் நிலையத்தில் குண்டு போட்டன. ஊரைவிட்டு ஓட ரயிலுக்குக் காத்திருந்த ஜனம். தண்டவாளத்துப் பக்கம் தனியாக உட்கார்ந்து அழும் ஒரு கைக்குழந்தையின் படம் அங்கிருந்து உலகமெல்லாம் போயிற்று. ஜப்பானியர்கள் ஜோடிக்கப்பட்ட படம் என்றார்கள். 1972 ஜூனில் வியட்நாமில் நாபாம் என்ற தீக்குண்டு பட்டு ஆடையில்லாமல் ஓடிவந்த சிறுமியின் படம் வந்ததும், இது ஜோடித்ததாக இருக்குமோ என்று அமெரிக்க அதிபர் நிக்சன் தன் உதவியாளரிடம் கேட்டது ஒலிநாடாவில் இருக்கிறது. நிஜத்தையே இப்படிச் சொல்கிறவர்களிடம் நாமே ஒரு பொய்யைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2012 மே மாதம் சிரியாவில் ஹூலா என்ற ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் கிட்டத்தட்டப் பாதி குழந்தைகள். பிபிசி இணையத்தில் அந்தச் செய்திக்கு ஒரு படம் வந்தது. வரிசையாக வெள்ளைத் துணியில் சுற்றிய உடல்கள், மேலே தாண்டிக் குதிக்கும் ஒரு சிறுவன். அது 2003-ல் ஈராக்கில் எடுத்த படம். எடுத்தவரே பார்த்துவிட்டு அதிர்ந்துபோய்ச் சொன்னார். படத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஹூலாவே நடக்கவில்லை என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

காசா விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைச் சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. அங்கிருந்து வந்த படங்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் காசாவிலேயே பிறந்து வளர்ந்த ஆட்கள். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு வைத்திருக்கும் கணக்கில் அங்கே கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களும் ஊடகப் பணியாளர்களும் நூறைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. படம் எடுத்ததற்கே உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கும்போது, அவர்களுக்காக நடத்தும் ஆர்ப்பாட்டத்தில் அவர்கள் எடுத்த ஒரு படத்தைத் தேடிப் போட நமக்குப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. அமைப்புக்காரரிடம் இதை நீங்கள் சொல்லலாம். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், யோசிப்பார்.

அப்படியானால் குழந்தைகளின் படத்தையே போடக்கூடாதா என்று அடுத்த கேள்வி. இதில் நான் ரொம்பச் சுத்தபத்தமான ஆள் இல்லை. 1937 ஏப்ரலில், அதே ஸ்பெயின் போரில், பாஸ்க் ஊரான கெர்னிகா விமானக் குண்டில் எரிந்த பிறகு, மே மாதம் பில்பாவ் துறைமுகப் பக்கத்திலிருந்து 'ஹபானா' என்ற கப்பல் கிட்டத்தட்ட நாலாயிரம் பாஸ்க் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் சவுதாம்ப்டனுக்குப் போயிற்று. பெற்றோர் இல்லாமல், மார்பில் நம்பர் அட்டையோடு. பிரிட்டிஷ் அரசு ஒரு காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஒரு குழந்தைக்கு வாரம் பத்து ஷில்லிங் தனியார்தான் திரட்ட வேண்டும். திரட்டினார்கள். தொழிற்சங்கங்கள், தேவாலயங்கள், சாதாரண ஜனம் எல்லோரும் கொடுத்தார்கள். குழந்தைகளின் படங்கள் பத்திரிகையில் வராமல் அந்தப் பணம் வந்திருக்குமா? அதுவும் பிரச்சாரம்தான். ஆனால் அந்தப் படத்தில் இருந்த குழந்தைக்கே அந்தப் பணம் சோறு போட்டது. பிறகு பிராங்கோ தரப்பும் அதே குழந்தைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தன் பங்குக்குப் பிரச்சாரம் செய்தது வேறு கதை.

நம் பக்கத்துக்கு வருவோம், இல்லாவிட்டால் முதலாளி கோபித்துக்கொள்வார். பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன் நான். 1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சுவர்களில் கொழும்புக் கலவரப் படங்களைப் பார்த்துத்தான் எங்களில் பலருக்கு அரசியல் என்று ஒன்று தெரிந்தது. அந்தப் படங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2009-ல் ஒன்றைக் கவனித்தேன். முள்ளிவாய்க்காலிலிருந்து நீரேரியைக் கடந்து வந்த குழந்தைகளை இலங்கை ராணுவம் படம் எடுத்து வெளியிட்டது. சிப்பாய் குழந்தையைத் தூக்கிவருகிறார், சிப்பாய் தண்ணீர் கொடுக்கிறார். மனிதாபிமான நடவடிக்கை என்று அதற்குப் பெயர். அந்தச் சட்டகத்துக்கு வெளியே ஷெல்லடி இருந்தது, பிறகு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்துவைத்த மெனிக் ஃபார்ம் முகாமின் முள்வேலியும் இருந்தது. இங்கே நம் போஸ்டர்களில் வேறு குழந்தைகள். அவர்களும் நிஜம்தான். ஆனால் புலிகள் படையில் சேர்த்த சிறுவர் சிறுமியர், யூனிசெஃப் பதிவிலேயே ஆயிரக்கணக்கில் இருப்பவர்கள், அவர்களில் ஒருவர் முகமும் இந்தச் சுவர்களில் நான் பார்த்ததில்லை. அவர்களைப் போட்டால் யாரைக் கண்டிப்பது என்று குழப்பம் வந்துவிடும். இரு தரப்புக்கும் உதவாத குழந்தைக்கு ஃபிளக்ஸில் இடம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கடையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிக் கும்மிடிப்பூண்டியில் இன்னொன்று. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேல். அங்கே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கும் பிள்ளைகளை எந்த ஆர்ப்பாட்ட பேனரிலாவது பார்த்திருக்கிறீர்களா? யூனிஃபார்ம் போட்டு, புத்தகப் பை மாட்டி, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் அகதிப் பிள்ளையைப் பார்த்து யாருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்? நோட்டுப் புத்தகம் கொடுக்க வருகிறவர்கள் மட்டும் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

படத்தில் இருக்கும் குழந்தை வளரும் என்பதுதான் போஸ்டர் போடுகிறவர் யாரும் நினைக்காத விஷயம். அந்த வியட்நாம் சிறுமி கிம் ஃபுக்குக்கு அன்று ஒன்பது வயது. குண்டு போட்டது தென்வியட்நாமின் சொந்த விமானம். அந்தப் படமும் பத்திரிகைகளில் பெரும்பாலும் வலது ஓரம் வெட்டித்தான் வந்தது. முழுப் படத்தில் அங்கே ஒரு புகைப்படக்காரர் தன் கேமராவுக்கு ஃபிலிம் மாற்றிக்கொண்டிருப்பார். (படத்தை எடுத்தவர் என்று இத்தனை காலம் சொல்லப்பட்ட நிக் உட் என்பவர்தான் அதை எடுத்தாரா என்று 2025-ல் பெரிய சண்டை வந்து, வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறது. அது தனியே எழுத வேண்டிய விவகாரம்.) போர் முடிந்து, அந்தப் பெண் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தார். போரில் வென்ற கம்யூனிஸ்ட் அரசாங்கம் அவரைத் தேடிக் கண்டுபிடித்தது. வெளிநாட்டு நிருபர்கள் வரும்போதெல்லாம் படிப்பை விட்டுவிட்டு வந்து அமெரிக்கா செய்த கொடுமைக்குச் சாட்சியாக உட்கார வேண்டும். படிப்பு போயிற்று. பிறகு கியூபாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். 1992-ல் கல்யாணமாகித் தேனிலவு போய்த் திரும்பும் விமானம் எரிபொருள் நிரப்பக் கனடாவில் இறங்கியபோது, புருஷனும் மனைவியும் இறங்கி அடைக்கலம் கேட்டுவிட்டார்கள். ஒரு போரின் குண்டிலிருந்து ஓடிய குழந்தை, இருபது வருஷம் கழித்துத் தன் படத்திலிருந்து ஓடினார் என்றே எனக்குத் தோன்றும். 2022-ல் உக்ரைன் அகதிகளை வார்சாவிலிருந்து கனடாவுக்கு ஏற்றிப்போன ஒரு விமானத்தின் வெளிப்புறத்தில் அதே படம் பெரிதாக இருந்தது. உள்ளே கிம் ஃபுக்கும் இருந்தார். இந்த முறை அவராக விரும்பி வந்தார். படமும் அதேதான், பிரச்சாரமும் ஒருவகையில் அதேதான். அவரைக் கேட்டுச் செய்தார்கள் என்பது மட்டும் வேறு.

எல்லாக் குழந்தைக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. 2015 செப்டம்பரில் கடலில் மூழ்கி இறந்து துருக்கிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரிய அகதிக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை ஐஎஸ் இயக்கம் தன் ஆங்கிலப் பத்திரிகையில் போட்டது. எங்கள் நாட்டைவிட்டு ஓடினால் இதுதான் கதி என்று மற்றவர்களை மிரட்டுவதற்கு. அவர்களைப் போன்றவர்களுக்குப் பயந்துதான் அந்தக் குடும்பமே ஓடியது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தையோ பெயரையோ பத்திரிகையில் போட முடியாது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை. நம் தெருக் குழந்தைக்கு நாம் தரும் மறைப்பை வெளிநாட்டுக் குழந்தைக்குத் தருவதில்லை, அதை எட்டுக்குப் பத்தில் ஐலெட் அடித்துக் கட்டுகிறோம். உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் போடக்கூடாது என்று 2017-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வந்தது நினைவிருக்கும். அது என்ன ஆயிற்று என்பது உங்கள் கடை வாசலிலேயே தெரியும்.

சரி, அடுத்த தடவை என்ன செய்வது? வேலையை விடச் சொல்ல நான் யார். படத்தை எடுத்ததும், படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் வந்திருக்கிறது என்பதைவிட, முதலில் எந்த வருஷம் வந்தது என்று பாருங்கள். போர் தொடங்குவதற்கு முன்னாலேயே அந்தப் படம் நெட்டில் இருந்தால் விஷயம் முடிந்தது. ஊர், வருஷம், எடுத்தவர் மூன்றும் தெரியாத படம் வேண்டாம். தெரிந்தால் பேக்ரவுண்டை எடுக்காதீர்கள், இடிந்த சுவரும் பக்கத்தில் நிற்பவர்களும் இருக்கட்டும். டாங்கியும் நெருப்பும் எதற்கு? நிஜமான படத்துக்கு அந்த மசாலா தேவைப்படாது. முகம் இல்லாமலும் பேனர் போடலாம். குண்டு விழுந்த பள்ளிக்கூடத்தின் படம் போதும். ஸ்பெயின் போரில் இடம்பெயர்ந்த குழந்தைகள் முகாம்களில் வரைந்த ஓவியங்களைச் சேகரித்து, அதில் அறுபதை 1938-ல் நியூயார்க்கில் புத்தகமாகப் போட்டு நிதி திரட்டினார்கள். பலவற்றில் விமானங்கள், குண்டுகள், எரியும் வீடுகள். எந்தக் குழந்தையின் முகத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, குழந்தைகள் காட்ட விரும்பியதை அவர்களே காட்டினார்கள். இன்றைய போர்களிலும் குழந்தைகள் வரைகிறார்கள், தேடினால் கிடைக்கும்.

இவ்வளவு சொல்லியும் வாடிக்கையாளர் பிடிவாதமாக ஒரு குழந்தை முகம்தான் வேண்டும் என்றால், சரியான படமாகத் தேடிப் போட்டு, கீழே வலது மூலையில் சின்ன எழுத்தில் ஊரும் வருஷமும் எடுத்தவர் பெயரும் சேர்த்துவிடுங்கள். கோரலில் அரை நிமிஷ வேலை. முதலாளி ஏன் என்று கேட்டால் அந்த மூலை காலியாக இருந்தது என்று சொல்லுங்கள். சதுர அடிக் கணக்கில்தானே காசு, அதற்குத் தனியாக ஒன்றும் ஆகாது.

அன்புடன்.